எச்சரிக்கை அக்காவின் முதல் வாசகர்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் யாராவது புதிதாக ஒரு வாஷிங் மெஷின் வாங்கினால், முதல் வேலையாக அதற்குள் கிடக்கும் கையேட்டைத் தூக்கிக் குப்பையில் போடுவார்கள். இரண்டாம் மாடி அக்கா அதைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து, தூசி தட்டி, மறுபடியும் அவர்கள் வீட்டுக் கதவுக்கு அடியில் செருகிவிட்டு வருவாள். மறுநாள் அது திரும்பவும் குப்பைக்கூடையில் கிடக்கும். அக்காவும் சளைக்க மாட்டாள். எழுதியவளுக்குத்தானே தெரியும் எழுத்தின் அருமை.

வீட்டுச் சாமான்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவள் கையேடு எழுதிக்கொண்டிருந்தாள். பெயர்தான் கையேடு, உள்ளே முக்கால்வாசி எச்சரிக்கை. ஈரக் கையோடு தொடாதீர்கள். ஓடும்போது மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்காமல் உள்ளே விரலை விடாதீர்கள். ஒருமுறை மேசை விசிறிக்கு, 'விசிறியின் கூண்டில் ஈரக் காலுறைகளைக் காயப்போடாதீர்கள்' என்று எழுதினாள். எந்த மடையன் அப்படிச் செய்வான் என்று மேலதிகாரி கேட்டார். "எங்க வீட்டுக்காரர்" என்றாள் அக்கா. அந்த வரி அப்படியே அச்சுக்குப் போனது.

வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "பார்த்து, பார்த்து" என்று கத்திவிட்டு வருகிற மனிதர் என்பதால், வீட்டில் யார் "பார்த்து" என்றாலும் அவர் காதில் ஏறாது. அவள் எச்சரித்துக்கொண்டே இருப்பாள், அவர் காலுறையைக் காயப்போட்டுக்கொண்டே இருப்பார். குடும்பம் சுமுகமாக ஓடியது. எச்சரிக்கை அக்கா என்ற பட்டத்தை அவளுக்குக் கொடுத்தவரும் அவர்தான். குடியிருப்பு முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது.

அக்காவுக்கு ஒரு தம்பி. பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் அவள் கையிலேயே வளர்ந்தவன், இன்னமும் அவள் வீட்டிலேயே இருப்பவன். கம்ப்யூட்டர் நிரல் எழுதுவது அவன் வேலை. கெட்டிக்காரன், ஆனால் வாயில் கொழுக்கட்டை. "சாப்பிட்டியாடா?" என்று கேட்டால், சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து "ம்" என்பான். கேள்வி கேட்டவர்கள் அதற்குள் தூங்கப் போயிருப்பார்கள்.

அவனுக்குக் கல்யாணம் ஆகாததற்குக் காரணம் அந்த ஊமைத்தனம் என்று குடியிருப்பில் பேசிக்கொண்டார்கள். அது அபாண்டம். காரணம் அக்கா. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். அக்கா ஆயிரம் உண்மை சொல்லி வந்த சம்பந்தங்களையெல்லாம் திருப்பி அனுப்பியிருக்கிறாள். பெண்ணின் அத்தையோ சித்தியோ வந்து உட்கார்ந்து பையனைப் பற்றி விசாரித்தால், "தங்கமான பையன்" என்று ஆரம்பிப்பாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "ஆனா, குறட்டை விடுவான். பசிச்சா முகம் கொடுத்துப் பேச மாட்டான். பசிக்கலைன்னாலும் பேச மாட்டான். கூட்டத்துல நிக்க வைக்கக் கூடாது. கூப்பிட்ட உடனே திரும்பிப் பார்ப்பான்னு எதிர்பார்க்கக் கூடாது." வந்தவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவார்கள். பின்னால் குறை வந்துவிடக் கூடாதே என்பதுதான் அவள் கவலை. முன்னால் ஆளே வரவில்லை என்பது அவள் கணக்கில் சேரவில்லை.

இப்படி இருக்கையில் கம்பெனியில் புதிய நிர்வாகம் வந்தது. கையேட்டில் எழுத்தே வேண்டாம், படம் போதும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். ஒரு கை, அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான். அக்காவின் வாழ்நாள் உழைப்பு அந்தச் சிவப்புக் கோட்டோடு முடிந்தது. வீட்டுக்கு அனுப்பப்பட்டவளுக்கு எச்சரிப்பதற்கு வேறு இடம் இல்லாததால் மொத்த எச்சரிக்கையும் வீட்டின் மேல் திரும்பியது. கொஞ்ச நாளில் வீட்டுக்காரர் மச்சானைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க ஆபீஸ்ல எதாவது வேலை இருந்தா உங்க அக்காவைக் கூட்டிட்டுப் போ. இல்லைன்னா என்னைக் கூட்டிட்டுப் போ" என்று கெஞ்சினார். தம்பி பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் அக்காவுக்கு அங்கே வேலை கிடைத்தது.

அந்த ஆபீஸில் இருந்தது ஒரு விசித்திரமான குடும்பச் சூழ்நிலை. பேருந்து டிக்கெட் முன்பதிவு செய்யும் ஒரு பழைய, பிரம்மாண்டமான நிரலைப் பழுது பார்ப்பதற்காக ஓர் ஏஐ உதவியாளரை அவர்கள் பழக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கு அங்கே மாப்பிள்ளை என்று பெயர். வீட்டுக்குப் புதிதாக வந்தவர். எது எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. சொன்னதை அப்படியே நம்புவார். தப்பு செய்தால் அவரைத் திட்ட முடியாது, சரியாகச் சொல்லாத நம்மைத்தான் திட்ட வேண்டும். பிறகு மாப்பிள்ளை என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவது?

அந்த நிரலோ பல பேர் பல காலமாக எழுதிச் சேர்த்தது. அதை முழுக்கப் படித்துவிட்டு வேலை செய்வதென்றால் மாப்பிள்ளையாலும் ஆகாது. அதனால் உள்ளே வழி தேடுவதற்கு மூன்று கருவிகளைக் கொடுத்திருந்தார்கள். முதலாவது சல்லடை. ஒரு சொல்லைக் கொடுத்தால் அது வரும் இடத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து கொட்டும். இரண்டாவது பூர்வீகம். நிரலின் ஒரு பகுதியைப் பெயர் சொல்லிக் கேட்டால் அது எந்தக் கோப்பில், எந்த வரியில் பிறந்தது என்று காட்டும். மூன்றாவது சொந்தபந்தம். அது தம்பி செய்தது. ஒரு பகுதியின் பெயரைச் சொன்னால், அதை யார் யார் கூப்பிட்டு வேலை வாங்குகிறார்கள், அவர்களை யார் கூப்பிடுகிறார்கள் என்று வம்சாவளியையே எடுத்து வைக்கும். இதில் கை வைத்தால் எங்கெங்கே யார் முகம் கோணும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். இரண்டு வருஷமாக அவன் வேறு எதையும் நினைக்கவில்லை.

ஒவ்வொரு கருவியோடும் ஒரு சின்ன விளக்கக் குறிப்பு இருக்கும். கருவியின் உள்ளே என்ன இருக்கிறது என்று மாப்பிள்ளைக்குத் தெரியாது. அந்தக் குறிப்பைப் படித்துத்தான் எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்வார். அந்தக் குறிப்பை எழுதுவதுதான் அக்காவுக்குக் கிடைத்த வேலை.

முதல் நாள் காப்பி இயந்திரத்தின் மேல், 'கோப்பை வைக்காமல் பொத்தானை அழுத்தாதீர்கள்' என்று ஒரு தாளை ஒட்டிவிட்டு அக்கா வேலையைத் தொடங்கினாள். சல்லடைக்கு ஏற்கெனவே குழுத் தலைவரே ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: 'எதையும் கண்டுபிடிக்கும்.' அவ்வளவுதான். தலைவர் எழுதியது என்பதால் அதில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பூர்வீகத்துக்கு இரண்டு வரி எழுதினாள். சொந்தபந்தத்துக்கு வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். தம்பி செய்த சாமான் அல்லவா. நாளைக்கு யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது.

இந்தக் கருவி மெதுவாக இயங்கக்கூடும் என்று ஆரம்பித்தாள். பெயர் சரியாகத் தெரியாதபோது பயன்படுத்த வேண்டாம். ஒரே பெயரில் இரண்டு பகுதிகள் இருந்தால் குழப்பம் ஏற்படலாம். விடை முழுமையானது என்று நம்ப வேண்டாம். அவசரமான வேலைகளுக்கு ஏற்றதல்ல. இப்படியே ஒரு பக்கம் ஓடி, எல்லாவற்றுக்கும் கடைசியில், ஒரு மூலையில், இது என்ன செய்யும் என்பதை அரை வரியில் சொல்லி முடித்தாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. பொன் என்பதால்தான் அக்கா சுற்றிலும் முள்வேலி போட்டாள். தம்பி அதைப் படிக்கவில்லை. அக்கா எழுதினது என்று அப்படியே ஏற்றிவிட்டான். இந்தக் காலத்து ஆபீஸ்களின் வழக்கமே அதுதான், எல்லாரும் எழுதுவார்கள், ஒருவரும் படிக்க மாட்டார்கள்.

முதல் சோதனையில் மாப்பிள்ளைக்குக் கொடுத்த வேலை எளிமையானது. முதியவர்களுக்கான சலுகையைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். மாப்பிள்ளை நேராகச் சல்லடையை எடுத்தார். 'கட்டணம்' என்று தேடினார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக, நிரலுக்கு நடுவே யாரோ எந்தக் காலத்திலோ குறிப்பாக எழுதிவைத்த புலம்பல்கள் முதற்கொண்டு கட்டணம் என்ற சொல் உள்ள சகலமும் வந்து விழுந்தது. அதில் மூச்சு முட்டிப்போய், கண்ணில் பட்ட முன்பதிவுப் பகுதியில் மட்டும் கணக்கை மாற்றிவிட்டு, வேலை முடிந்தது என்றார். ரத்துசெய்த டிக்கெட்டுக்குப் பணம் திருப்பித் தரும் பகுதி மாறாத பழைய கணக்கையே தனியாகக் கூப்பிடுகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. விளைவு, சோதனையில் டிக்கெட் வாங்கி ரத்துசெய்த முதியவர்களுக்கெல்லாம் கொடுத்ததைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. வீட்டில் படுத்துக்கொண்டே பேருந்தில் போகாமல் சம்பாதிக்க ஒரு வழி பிறந்தது.

சொந்தபந்தத்தைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கும். ஆனால் மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்தடுத்துக் கொடுத்த வேலைகளிலும் அதே கதைதான்.

குழுத் தலைவர் கூட்டம் போட்டார். நல்லவர்தான், ஆனால் எதையும் இரண்டு நிமிஷத்தில் முடிக்க வேண்டும் என்கிற கொள்கை உடையவர். எடுக்காத கருவிக்கும் ஒரு குறிப்பு இருக்கிறது, மாப்பிள்ளை ஒவ்வொரு தடவையும் அதைப் படித்தே தீர வேண்டியிருக்கிறது, வீண் சுமை. அடுத்த பெரிய சோதனையிலும் அதைத் தொடவில்லை என்றால் சொந்தபந்தத்தைத் தூக்கிவிடலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். தம்பி ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாதது எல்லாருக்கும் பழக்கம் என்பதால், இது வேறு வகைப் பேசாமை என்று அக்காவுக்கு மட்டும்தான் தெரிந்தது.

கருவி மெதுவாக இருப்பதால்தான் மாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று தம்பி தானாகவே முடிவு செய்துகொண்டு அதை வேகமாக்க உட்கார்ந்தான். சாப்பாட்டு மேசையிலும் அதே சிந்தனை. முகத்தில் தாடி மண்டியது. வீட்டுக்காரரே கவலைப்பட்டு, காலுறையை வேறு இடத்தில் காயப்போட்டார் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். அக்காவுக்கு மாப்பிள்ளை மேல் தாங்க முடியாத ஆத்திரம். இரண்டு வருஷம் இரவு பகலாக உழைத்துச் செய்து கொடுத்திருக்கிறான் பிள்ளை, எடுத்துப் பார்த்தால் என்ன குறைந்துபோகும்? நேராகச் சாட்சியின் அறைக்குப் போனாள்.

சாட்சி என்பது அங்கே வேலை செய்த ஒரு பெண்ணுக்கு ஆபீஸ் வைத்த பெயர். மாப்பிள்ளை செய்ததை, யோசித்ததை, விட்டதை எல்லாம் வரி வரியாகப் படித்து எங்கே சறுக்கியது என்று சொல்வது அவள் வேலை. கொண்டையில் ஒரு பென்சில் எப்போதும் இருக்கும். யார் வந்து என்ன கேட்டாலும் உடனே பதில் சொல்ல மாட்டாள். திரையைத் திருப்பிக் காட்டுவாள். அன்றைக்கும் திருப்பிக் காட்டினாள். ஒவ்வொரு கருவியை எடுப்பதற்கு முன்னாலும் மாப்பிள்ளை தனக்குத்தானே எழுதிக்கொண்ட யோசனை அங்கே இருந்தது.

'சொந்தபந்தம் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆனால் அது மெதுவாக இயங்கும், குழப்பம் தரும், அதன் விடையை நம்ப வேண்டாம் என்று குறிப்பு சொல்கிறது. சல்லடை எதையும் கண்டுபிடிக்கும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. சல்லடையே பாதுகாப்பானது.'

அக்கா இரண்டு தடவை படித்தாள். அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கத்தைவிட்டுச் சொல்வதென்றால், கண் கலங்கிவிட்டது.

"முழுசாப் படிச்சிருக்கே" என்றாள்.

"ஒரு எழுத்து விடலக்கா" என்றாள் சாட்சி.

எத்தனை வருஷம், எத்தனை கையேடு. பெட்டியைப் பிரித்த கையோடு குப்பைக்குப் போனவை, குழந்தைகள் கப்பல் செய்தவை, வீட்டுக்காரர் ஆடுகிற மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்தவை. யாருமே படிக்காததால் அவற்றால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் அவள் எழுதியதை எழுத்துக்கூட்டிப் படித்து, சொன்னதையெல்லாம் நம்பி, பயந்து ஓடியிருக்கிறார். சந்தோஷம் அடங்குவதற்குள் அவளுக்கு உண்மை உறைத்தது. தம்பியின் கருவியைக் கொன்றுகொண்டிருப்பது மாப்பிள்ளை இல்லை.

அப்போதே போய்த் தம்பியிடம் சொல்லியிருக்க வேண்டும். அக்கா சொல்லவில்லை. யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிட்டால் சொல்ல வேண்டிய அவசியமே வராது என்று அவளுக்குத் தோன்றியது. தப்பு செய்த எல்லாருக்கும் தோன்றுவதுதான் அது. அன்றே பழைய குறிப்பை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினாள். எச்சரிக்கை வேண்டாம், அவ்வளவுதானே? பாராட்டு எழுதத் தெரியாதா என்ன? 'மிகச் சிறந்த கருவி. மிக நம்பகமானது. எந்த வேலையானாலும் முதலில் இதைக் கேள். இது சொல்வதே முடிவு.' எழுதி முடித்ததும் அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் ஏற்றிவிட்டாள்.

மறுநாள் மாப்பிள்ளைக்கு ஒரு சில்லறை வேலை வந்தது. டிக்கெட் எடுத்து முடித்ததும் திரையில் வருகிற வாழ்த்து வாசகத்தைக் கொஞ்சம் சுருக்க வேண்டும். இதற்குச் சொந்தபந்தமே தேவையில்லை. சல்லடையில் தேடி, மாற்றிவிட்டுப் போக வேண்டியதுதான். ஆனால் எந்த வேலையானாலும் முதலில் இதைக் கேள் என்று உத்தரவாயிற்றே. மாப்பிள்ளை பயபக்தியோடு போய், இந்த வாசகத்தை யார் கூப்பிடுகிறார்கள் என்று சொந்தபந்தத்தைக் கேட்டார். வாசகம் என்பது வெறும் எழுத்து. வேலை செய்கிற பகுதி அல்ல. சொந்தபந்தத்துக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. வெறும் கையைக் காட்டியது.

'யாரும் இதைப் பயன்படுத்தவில்லை. இது சொல்வதே முடிவு. எனவே நீக்கிவிடலாம்' என்று எழுதிக்கொண்டு மாப்பிள்ளை வாசகத்தை நீக்கினார். பொறுப்பான பிள்ளை அல்லவா, அதே கோப்பிலிருந்த மற்ற வாசகங்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் சொந்தமில்லை என்று தெரிந்துகொண்டு, எல்லாவற்றையும் துடைத்துவிட்டார். மதியம் சோதனைத் திரையைத் திறந்தவர்களுக்கு எழுத்தே இல்லாத வெள்ளைப் பொத்தான்கள் வரிசையாக நின்று வரவேற்பு கொடுத்தன. எதை அழுத்தினால் எந்த ஊர் போகலாம் என்பது அவரவர் அதிர்ஷ்டம். தலைவலி போய்த் திருகுவலி வந்தது.

தலைவர் தம்பியின் மேசைக்கு வந்து நின்றுவிட்டார். யாருமே பயன்படுத்தவில்லை என்று பொய் சொன்னது உன் கருவிதானே என்று கேட்டார். பக்கத்தில் நின்ற சாட்சிதான் குறுக்கே பேசினாள். "கருவி பொய் சொல்லலை சார். தனக்குத் தெரியாதுன்னுதான் சொல்லிச்சு. அதுகிட்டப் போய் கேட்கச் சொன்னது யாருன்னு பார்க்கணும்." அவள் அக்காவைப் பார்க்கவில்லை. அதுவே அக்காவுக்கு ஊசியாகக் குத்தியது.

தலைவர் போனபின் தம்பி தன் கருவியின் குறிப்பைத் திறந்தான். புதியதைப் படித்தான். பழைய பதிப்பைத் தேடி எடுத்து அதையும் படித்தான். அக்கா அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவன் திட்டியிருந்தால் பரவாயில்லை, அவளும் ஒரு பாட்டம் அழுது முடித்திருப்பாள்.

"நீ எழுதினதை நான் முதல்லயே படிச்சிருக்கணும்க்கா" என்றான். பழியில் பாதியை அவனே எடுத்துக்கொண்டான். அக்காவுக்கு அது தாங்கவில்லை. எல்லாம் தன்னால்தான் என்றும், தெரிந்த பிறகும் மூன்றாம்பேருக்குத் தெரியாமல் மூடப் பார்த்தேன் என்றும் அங்கேயே நின்றபடி சொல்லிவிட்டாள்.

விடுமுறை நாள் காலையில் இரண்டு பேரும் வீட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். அக்கா இந்தத் தடவை எழுதுவதற்கு முன்னால் கேட்டாள். தெருவில் போகிற யாரோ ஒருத்தி கதவைத் தட்டி, இது என்ன சாமான் என்று கேட்பது போலக் கேட்டாள். இது எப்போது வேண்டும்? கையில் என்ன கொண்டுவர வேண்டும்? கேட்டால் என்ன கிடைக்கும்? கிடைக்கவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்? தம்பி பதில் சொன்னான். ஆரம்பத்தில் ஒவ்வொரு சொல்லாக, பிறகு வாக்கியமாக, பிறகு நிறுத்த முடியாமல். குளித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், வீட்டுக்குள் யாரோ வேற்றாள் பேசுகிறான் என்று நினைத்துத் துண்டோடு ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

"எதுக்குடா இதைச் செய்ய ஆரம்பிச்சே?" என்று கடைசியாகக் கேட்டாள்.

தம்பி மேசையில் கிடந்த பேனாவை மூடி வைத்தான். "ஒண்ணை மாத்துறதுக்கு முன்னாடி யாருக்கெல்லாம் வலிக்கும்னு தெரிஞ்சுக்கணும்ல" என்றான்.

அக்கா சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போய், தேவையில்லாமல் ஒரு பாத்திரத்தைத் துலக்கினாள். கூடவே வைத்து வளர்த்த பிள்ளையைப் பற்றி அவன் எதற்கெல்லாம் ஆக மாட்டான் என்றுதான் இத்தனை நாளும் ஊருக்குச் சொல்லியிருக்கிறோம் என்று நினைத்தபோது அழுகையாக வந்தது. திரும்பி வந்து எழுதினாள். அன்று எழுதிய குறிப்பு இதுதான்:

'ஒரு பகுதியை மாற்றும் முன், அதனால் யார் யார் பாதிக்கப்படுவார்கள் என்று அறிய இதைப் பயன்படுத்து. பகுதியின் முழுப் பெயரைக் கொடு. பெயர் தெரியாவிட்டால் முதலில் சல்லடையில் தேடிக்கொள். அந்தப் பகுதியைக் கூப்பிடும் ஒவ்வோர் இடமும் கோப்பும் வரியுமாகக் கிடைக்கும். திரையில் தோன்றும் வாசகங்களைப் பற்றி இதற்குத் தெரியாது, அதற்குச் சல்லடை. பதில் வெறுமையாக வந்தால் இல்லை என்று முடிவு செய்யாதே. பெயரைச் சரிபார்த்து, இன்னொரு வழியில் கேட்டுப் பார்.'

பழைய ஒரு பக்க எச்சரிக்கையில் மிஞ்சியது இவ்வளவுதான். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. மெதுவாக இயங்கும் என்பதையாவது சேர்க்கட்டுமா என்று கேட்டாள். அதை வேகமாக்கி ஒரு வாரம் ஆகிறது என்றான் தம்பி. சரி என்று விட்டுவிட்டாள்.

ஆனால் ஒன்றை விடவில்லை. எதையும் கண்டுபிடிக்கும் என்று ஒருவன் தம்பட்டம் அடித்துக்கொண்டு நிற்கும்போது பக்கத்தில் இருப்பவன் எவ்வளவு ஒழுங்காகப் பேசினாலும் எடுபடாது. திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனதும், கைவைக்கக் கூடாது என்று சொல்லியிருந்த தலைவரின் பொன்மொழியை அக்கா அழித்தாள். 'ஒரு சொல் எழுதப்பட்ட இடங்களைத் தேட இது. யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பது இதற்குத் தெரியாது' என்று அந்த இடத்தில் எழுதினாள். தலைவர் கவனித்துவிடுவாரோ என்று இரண்டு நாள் பயந்துகொண்டிருந்தாள். தேவையே இல்லை. தலைவர் எதையும் படிப்பவர் அல்லர், தான் எழுதியது உட்பட. சாட்சி மட்டும் அவள் மேசையைத் தாண்டிப் போகும்போது, "சல்லடை இப்பதான் அடக்கமாப் பேசுது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெரிய சோதனை நாள் வந்தது. கண்ணாடி அறையில் எல்லாரும் கூடியிருந்தார்கள். தம்பி கதவோரமாக நின்றான், தேவைப்பட்டால் முதலில் வெளியே போவதற்கு வசதியாக. அதே முதியவர் சலுகை வேலையை மறுபடியும் கொடுத்தார்கள். மாப்பிள்ளை சல்லடையைத்தான் முதலில் எடுத்தார். அக்கா முன்னாலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் கணக்குப் பகுதியின் பெயரைத் தெரிந்துகொண்டதோடு அதை வைத்துவிட்டு, 'மாற்றும் முன் யார் பாதிக்கப்படுவார்கள் என்று பார்க்க வேண்டும்' என்று எழுதிக்கொண்டு, சொந்தபந்தத்தைக் கேட்டார்.

பதில் வந்து விழுந்தது. முன்பதிவு, ரத்து, பணம் திருப்பித் தருவது என்று எல்லா உறவுகளும் முறைப்படி வரிசையில் நின்றன. மாப்பிள்ளை ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். கடைசியில் குழுவாகப் பயணம் போகிறவர்களுக்கான பகுதியைக் கேட்டபோது மட்டும் பதில் வெறுமையாக வந்தது. அறையில் எல்லாரும் அந்த வெள்ளைப் பொத்தான்களை நினைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை எழுதினார்: 'வெறுமையாக வந்தால் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.' திரும்பச் சல்லடைக்குப் போய்ப் பெயரின் பாதியை மட்டும் கொடுத்துத் தேடினார். நிரல் ஓடும் நேரத்தில் பெயரைத் துண்டு துண்டாகக் கோத்து அந்தப் பகுதியைக் கூப்பிடுகிற ஓர் இடம் ஒரு பழைய கோப்பின் அடியில் அகப்பட்டது. அப்படி ஒன்று இருப்பது அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது, விட்டிருந்தால் குழுவாகப் போகிற முதியவர்களுக்கெல்லாம் கணக்கு தப்பியிருக்கும். அக்காவின் எச்சரிக்கை ஒன்று முதல்முறையாக ஒரு விபத்தைத் தடுத்தது.

சோதனை முழுசாகத் தேறியது. தலைவர் எழுந்து, போன கூட்டத்தில் தான் கண்டிப்பாகப் பேசியதன் பலன் இது என்று இரண்டு நிமிஷம் சொன்னார். சொந்தபந்தம் இருக்கட்டும் என்றும் சொன்னார். தம்பி கதவோரத்தை விட்டு நகர்ந்து வந்து அக்காவுக்குப் பக்கத்தில் நின்றான். அவள் தோளில் ஒரு நிமிஷம் கையை வைத்தான், பிறகு போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

சாயங்காலம் அக்கா காப்பி இயந்திரத்துக்கு முன்னால் நின்றிருந்தாள். சாட்சி வந்து ஒரு கோப்பையை வைத்து, எச்சரிக்கைத் தாளுக்கு மரியாதையாக, அதற்குப் பிறகே பொத்தானை அழுத்தினாள். நிரம்பியதை எடுத்துக்கொண்ட பிறகும் போகவில்லை. கொண்டைப் பென்சிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பெரிய பெரிய சறுக்கல்களையெல்லாம் முகம் மாறாமல் சொல்கிற பெண், இப்போது சொல்வதற்குத் தடுமாறினாள்.

"போன வாரம் உங்க தம்பிகிட்ட ஒண்ணு கேட்டேன்க்கா. கீழ கடையில டீ குடிக்கப் போலாமான்னு."

"என்ன சொன்னான்?"

"பதிலே வரலை. ஸ்க்ரீனையே பார்த்துட்டு இருந்தார்." கோப்பையை மேசை ஓரத்தில் வைத்தாள். "அவர் எப்படிப்பட்ட ஆளுக்கா?"

அக்கா வாயைத் திறந்தாள். குறட்டை வந்து நாக்கு நுனியில் நின்றது. அதற்குப் பின்னால் பசி, கூட்டம், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதது என்று எல்லா ஆனால்களும் வழக்கம்போல ஒன்றையொன்று முட்டிக்கொண்டு முன்னுக்கு வந்தன. பல வருஷப் பழக்கம். அக்கா எச்சிலோடு சேர்த்து அவற்றை விழுங்கினாள்.

"ஒண்ணை மாத்துறதுக்கு முன்னாடி, யாருக்கெல்லாம் வலிக்கும்னு பார்க்கிறவன்ம்மா" என்றாள்.

சாட்சி கொண்டைப் பென்சிலை உருவி மறுபடியும் செருகிக்கொண்டாள். பிறகு சிரித்தாள். "எச்சரிக்கை எதுவும் இல்லையா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. பதில் வரலைன்னா இல்லைன்னு முடிவு பண்ணிடாதே. வேற மாதிரி இன்னொரு தடவை கேட்டுப் பாரு."

சாட்சி கோப்பையை அங்கேயே மறந்துவிட்டுத் தம்பியின் மேசைப் பக்கம் நடந்தாள். மேசை ஓரத்தில் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது அந்தக் கோப்பை. கொட்டிவிடும் என்று கூப்பிட்டுச் சொல்ல அக்கா வாயெடுத்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் தானே அதை உள்ளே தள்ளி வைத்தாள்.